குப்பை போடாத வீடு

அந்த டீ கப்பைக் காகிதக் கூடையில போட்டுடாதீங்க தம்பி. பாக்கத்தான் காகிதம், உள்ளுக்குள்ள மெழுகு மாதிரி ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கு. அதை எதோடயும் சேக்க முடியாது. இங்க குடுங்க, நான் வெச்சுக்கறேன். உங்க ஸ்டேஷன்ல மொத்தத்துக்கும் ஒரே கூடைதான் வெச்சிருக்கீங்க. அதுல எச்சில் பொட்டலமும் கிடக்கு, பேனா மூடியும் கிடக்கு. உங்களைக் குத்தம் சொல்லல. எங்க தெருவும் முன்னாடி இப்படித்தான் இருந்துச்சு.

வக்கீல் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டுப் போயிருக்கார். அவருக்கு என்ன, ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிகம். எனக்குப் பேசாம உக்காந்திருந்தா தலை வலிக்கும். அதுவும் இல்லாம, மறைக்கறதுக்கு என்ன இருக்கு? நீங்க கேக்கறதை வரிசையா கேளுங்க. நான் முன்னப்பின்னதான் சொல்லுவேன், நீங்க டைப் பண்ணும்போது சரி பண்ணிக்கோங்க.

வேலைக்குப் போன காலம் பூரா நான் துணி கம்பெனியில செக்கிங் பாத்தேன். தைச்சு முடிச்ச சட்டை மேசைக்கு வரும். ஒவ்வொண்ணா விரிச்சு, தடவி, மடிச்சு அனுப்பணும். ஒரே ஒரு சட்டையில பொட்டு அளவு எண்ணெய்க் கறை இருந்தாப் போதும், வாங்கறவன் பெட்டியையே திருப்பி அனுப்பிடுவான். அந்தப் பொட்டைப் பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால தெருவுல எல்லாருக்கும் நான் செக்கிங் அக்கா. சின்னது பெருசு எல்லாம் அப்படித்தான் கூப்பிடும்.

வேலையை விட்டு வீட்டுல உக்காந்ததும் என் கண்ணுல மொதல்ல பட்டது எங்க தெருமுனை காலி மனை. யார் எதை வேணாலும் கொண்டுவந்து கொட்டுவாங்க. ஈ மொய்க்கும், நாய் இழுத்துப் போடும், மழை வந்தா கறுப்புத் தண்ணி வாசல் வரைக்கும் வரும். ஆடிட்டர் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து உசுரு பொழைச்சதே பெரிய விஷயம். ஒரு ஞாயித்துக்கிழமை நானே துடைப்பமும் கையுறையும் எடுத்துட்டு இறங்கிட்டேன். "நம்ம வீட்டுக் குப்பையை விட ஊர்க்குப்பை மேலதான் உனக்குப் பாசம்"னு வீட்டுக்காரர் சிரிச்சார். அடுத்த வாரம் ஆடிட்டர் வீட்டம்மா வந்தா. அப்புறம் பத்துப் பேர். அப்புறம் தெருவே. மனை சுத்தமாச்சு, வேலி போட்டோம், மரக்கன்னு வெச்சோம். நல்ல காரியம்தான் தம்பி, இல்லன்னு சொல்லிட முடியுமா?

வகுப்பும் நான்தான் எடுத்தேன். ஆடிட்டர் வீட்டுக்குக் கீழ கார் நிறுத்துற இடத்துல நாற்காலி போட்டு உக்காருவோம். மக்கும் குப்பை, மக்காத குப்பை எல்லாம் ரெண்டாவது பாடம். மொதல் பாடம் வேற. குப்பையை எங்க போடறதுன்னு யோசிக்காதே, அது ஏன் வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு யோசி. உள்ள வராதது வெளிய போகாது. இதை நான் சொன்னப்ப எல்லாரும் கை தட்டினாங்க. மாநகராட்சியிலேர்ந்து வந்த பொண்ணு வீடியோகூட எடுத்துட்டுப் போச்சு.

எங்க ஏற்பாடு என்னன்னா, ஒவ்வொரு வீட்டு கேட்டுலயும் ஒரு ரிப்பன். காலையில நான் ஒவ்வொரு தொட்டியா மூடியைத் திறந்து பாப்பேன். குப்பையைச் சரியா பிரிச்சிருந்தா பச்சை ரிப்பன், கலந்து போட்டிருந்தா சிவப்பு. நாள் பூரா அது தொங்கும். யாரையும் திட்டினது இல்ல, சண்டை போட்டது இல்ல. சிவப்பு ரிப்பன் தொங்கற வீட்டுக்காரங்க அவங்களா தலையைக் குனிஞ்சுட்டுப் போவாங்க, மறுநாள் ஒழுங்கா பிரிச்சு வெச்சிருப்பாங்க.

ஒரே ஒரு வீடு மட்டும் தினம் சிவப்பு. கடைசி வீடு. டிரைவர் அண்ணன் வீடு.

நல்ல மனுஷன். டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி போயாச்சு, ஒரே பொண்ணு வெளிநாட்டுல. சர்க்கரை வியாதி முத்தி, வலது கால்ல ஆறாத புண்ணு. வாக்கரைப் பிடிச்சுட்டு வாசல் வரைக்கும் வருவார், அதுக்கு மேல முடியாது. மெஸ்லேர்ந்து ரெண்டு வேளையும் பிளாஸ்டிக் டப்பாவுல சாப்பாடு வரும். கால்ல கட்டு மாத்தறதுக்கு கிளினிக்லேர்ந்து ஒரு நர்ஸ் பொண்ணு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குழம்பு ஒழுகற டப்பா, சீழ் பஞ்சு, பெரியவங்க கட்டற டயப்பர், எல்லாத்தையும் ஒரே பையில போட்டு முடிஞ்சு, வாசல்லேர்ந்தே தொட்டிக்கு வீசுவார். பாதி நாள் தொட்டியில விழாது.

நான் போய்ப் பிரிப்பேன். அவர் ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுக் கிண்டல் பண்ணுவார்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கு என் பையில புதையல் ஏதாவது கிடைச்சுதா?"

"கிடைச்சுதுண்ணே. நேத்துச் சாப்பாடு அப்படியே இருக்கு. எதுக்கு வேஸ்ட் பண்றீங்க?"

"அதை நீ தின்னு பாரு, அப்புறம் கேளு."

ரிப்பனைப் பத்தியும் சொல்லுவார். "சிவப்பு சிக்னலைப் பாத்துப் பாத்தே என் காலம் போச்சு. ரிட்டயர் ஆனப்புறம் நீ ஒண்ணைக் கொண்டுவந்து என் வாசல்லயே மாட்டிட்டியே தாயே." தெருவே சிரிக்கும். நானும் சிரிச்சிருக்கேன்.

போன வருஷம் மாநகராட்சி நடத்தின 'மாதிரித் தெரு' போட்டியில நாங்க தோத்தோம். நடுவர்கள் ஒரு வாரத்துல எப்ப வேணாலும் வருவாங்க, சொல்லிட்டு வரமாட்டாங்க, தொட்டி மூடியைத் திறந்து பாப்பாங்க. எல்லா வீடும் சரியா இருந்துச்சு. கடைசி வீட்டுத் தொட்டியைத் திறந்தவங்க மூக்கைப் பொத்திட்டுப் பின்னால போனாங்க. ஒரு பொட்டுக் கறை தம்பி. பெட்டியே திரும்பி வந்துடுச்சு. அன்னைக்கு ஆடிட்டர் வீட்டம்மா விளையாட்டாத்தான் சொன்னா, "அடுத்த வருஷம் போட்டி சமயத்துல அண்ணனை எங்கயாவது டூர் அனுப்பிடுவோம் அக்கா"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா வேற யாரும் அதுக்கப்புறம் அவரைப் பத்தி ஒண்ணும் யோசிக்கல. நான்தான் யோசிச்சேன்.

மொதல்ல டப்பாவை நிறுத்தினேன். மெஸ்காரரைக் கூப்பிட்டு, சாப்பாட்டை என் வீட்டுல குடுங்க, நான் எவர்சில்வர் கேரியர்ல மாத்திக் கொண்டு போறேன்னேன். அவருக்குத் தெருக்கோடி வரைக்கும் போற நடை மிச்சம், சந்தோஷமா ஒத்துக்கிட்டார். அண்ணனும் சந்தோஷமாத்தான் வீட்டுச் சாவி ஒண்ணு குடுத்தார். "நான் எழுந்து வந்து திறக்கறதுக்குள்ள சோறு ஊசிப் போயிடும், நீயே வந்து வெச்சுட்டுப் போ தங்கச்சி"ன்னார். அவர் பொண்ணு வெளிநாட்டுலேர்ந்து போன்ல அழுதுடுச்சு. "சொந்த அத்தைகூட இப்படிப் பண்ணமாட்டாங்க அத்தை"ன்னு சொல்லுச்சு.

அதுக்கப்புறம் நர்ஸ். கட்டு மாத்திட்டு, பஞ்சு, பிளாஸ்திரி, கையுறை எல்லாத்தையும் வீட்டுத் தொட்டியில போட்டுட்டுப் போகும். எடுத்துட்டுப் போம்மான்னு கேட்டுப் பாத்தேன். ஊசியை மட்டும்தான் கிளினிக்குக்குத் திருப்பிக் கொண்டு போகணும், மத்தது எங்க பொறுப்பு இல்ல ஆன்ட்டின்னு சொல்லுச்சு. அது ரூல் பேசுச்சு, அதுல தப்பு இல்ல. அடுத்த தடவை வந்தப்ப நான் கேட்டுலயே நிறுத்திட்டேன்.

"அண்ணன் ஊர்ல இல்லம்மா. பொண்ணு வந்து கூட்டிட்டுப் போயிடுச்சு."

"பிளைட்லயா? இந்தக் காலோடவா?"

"வீல்சேர் எல்லாம் ஏற்பாடு பண்ணித்தான் கூட்டிட்டுப் போச்சு."

"பரவாயில்லையே. அங்க நல்லா பாத்துப்பாங்க ஆன்ட்டி. விட்டுடாம கட்டு மாத்தச் சொல்லுங்க, இல்லன்னா விஷம் ஏறிடும்."

இந்த விஷயம் பூராலயும் நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். அதை நீங்க தாராளமா எழுதிக்கலாம்.

கட்டை அதுக்கப்புறம் நானே மாத்தினேன். பஞ்சு கிடையாது, துணி. கம்பெனியில ஒதுக்கின நல்ல பருத்தித் துணி என்கிட்ட நிறைய இருந்துச்சு. துவைச்சு, காயவெச்சு, திரும்பக் கட்டலாம். அண்ணன் ரெண்டு மூணு நாள் வாசலையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் கேட்டார், "அந்தப் பொண்ணு ஏன் வர்றதில்ல?"

"லீவுல போயிருக்குண்ணே."

சரி, இதையும் சேத்தா ரெண்டு பொய். எழுதிக்கோங்க.

டயப்பரைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. அது எந்தத் தொட்டியிலயும் சேராது. துணி கட்டிப் பாத்தேன், அதை அலச எனக்கு முதுகு வளையல. அப்பதான் என் வகுப்பு எனக்கே ஞாபகம் வந்துச்சு. உள்ள வராதது வெளிய போகாது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். வயசானவங்களுக்கு ராத்திரி வெறும் வயிறு நல்லதுன்னு எல்லா டாக்டரும் டி.வி.யில சொல்றாங்க. அப்புறம் மத்தியானத்துக்கு ஒரு அடுக்கை எடுத்துட்டேன்.

"கேரியர் இளைச்சுப் போச்சே தங்கச்சி. நாலு மாடி இருந்துச்சு, ஒரு மாடியைக் காணோம்?"

"நீங்கதான் முழுசா சாப்பிடறதே இல்லையேண்ணே."

"இப்ப பசிக்குதும்மா. முன்ன வாய்க்கு நல்லா இல்ல, அதனால வெச்சேன். இப்ப எதுவா இருந்தாலும் சாப்பிடறேன்."

அவர் அப்படிச் சொன்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஒரு பருக்கை வீணாகல, பாருங்க. கேரியரை வழிச்சுத் துடைச்சுத் திருப்பிக் குடுத்தார். கேட்டுல பச்சை ரிப்பன் கட்டினேன். தெருவுல எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்க. "கடைசி வீட்டையே திருத்திட்டீங்களே அக்கா"ன்னாங்க. உள்ள போய் அண்ணனை யாரும் பாக்கல. பாத்திருந்தா நான் வேணாம்னு சொல்லியிருக்கமாட்டேன்.

போன் விஷயம் கேட்டீங்க. அவர் சார்ஜர் ஒயர் பிஞ்சு, டேப் சுத்தி வெச்சிருந்தார். எங்க குழு அந்த மாசம் பழைய மின்சாமான் சேகரிச்சுது. ஒயர், பேட்டரி, ரிமோட்டுன்னு வீடு வீடா வாங்கினோம். அந்தச் சார்ஜரையும் பெட்டியில போட்டுட்டேன். பிஞ்ச ஒயர் ஆபத்து. புதுசு வாங்கிட்டு வாம்மான்னு தினம் கேட்டார். வாங்கணும்னுதான் இருந்தேன். பொண்ணு எனக்குக் கூப்பிட ஆரம்பிச்சுது.

"அத்தை, அப்பா போன் ஆஃப்லயே இருக்கே?"

"சார்ஜர் போயிடுச்சும்மா."

"ஒழுங்கா சாப்பிடறாரா?"

"முன்ன மாதிரி மிச்சம் வெக்கறதே இல்ல. கேரியர் காலியாத்தான் வருது."

"குரலைக் கேக்கணும்போல இருக்கு அத்தை. உங்க போனை ஒரு நிமிஷம் அவர்கிட்ட குடுக்கறீங்களா?"

"அடுத்த வாரம் பேச வெக்கறேன்மா. இந்த வாரம் எனக்குத் தலைக்கு மேல வேலை."

அந்த வாரம்தான் நடுவர்கள் வர்ற வாரம்.

அந்த வாரம் தொடங்கறதுக்கு மொதநாள் அண்ணன் ஒரு காரியம் பண்ணினார். வாக்கர்கூட இல்லாம, தரையில தேய்ச்சுட்டே வாசலுக்கு வந்து, ஒரு பையை ரோட்டுல வீசிட்டார். அழுக்குத் துணி, சீழ் துணி எல்லாம் நடுரோட்டுல. அதோட சத்தம் வேற, "யாராவது வாங்க, யாராவது இங்க வாங்க"ன்னு. பஸ்ல கூட்டத்தை உள்ள போகச் சொல்லிக் கத்தின குரல்தான், ஆனா பாதிகூட இல்ல. நல்லவேளை, மழைத் தூறல், தெருவுல யாரும் இல்ல. ஓடிப்போய்ப் பையை எடுத்தேன், அவரைத் தூக்கி உள்ள கொண்டுபோய்ப் படுக்க வெச்சேன். ரொம்ப இலேசா இருந்தார். நான் தூக்கற அளவுக்கு இலேசா இருந்தார்.

"தங்கச்சி, என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடும்மா. உனக்கும் தொந்தரவு இல்ல."

"இந்த ஒரு வாரம் பொறுத்துக்கோங்கண்ணே. சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஒரு வாரம் தாங்காதும்மா."

அவ்வளவு நிதானமா சொன்னார். கோபமே இல்ல. அடுத்த ஸ்டாப் எப்ப வரும்னு சொல்ற மாதிரி சொன்னார்.

ஆம்புலன்ஸ் வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பஞ்சு, கையுறை, கிழிச்சுப் போட்ட கவர், கும்பல், விசாரணை. எந்த நாள் நடுவர்கள் வருவாங்கன்னு தெரியாது. அதனால ஜன்னலைச் சாத்தினேன், கொசு வரும். கதவை வெளியிலேர்ந்து பூட்டினேன், மறுபடி தேய்ச்சுட்டு வந்து படியில விழுந்து எதையாவது உடைச்சுக்கக் கூடாது. அதுக்கப்புறம் நான் உள்ள போகல. உள்ள போனா ஏதாவது ஒண்ணைக் கொண்டுபோகணும், கொண்டுபோனா ஏதாவது ஒண்ணு வெளிய வரும். மெஸ்லேர்ந்து வந்த சாப்பாட்டை என் வீட்டு உரக்குழியில போட்டு மேல காய்ஞ்ச இலையைத் தூவினேன். ஒண்ணும் வீணாக்கல.

தட்டற சத்தம் கேட்டுச்சு. அதை மறைக்கப் போறதில்ல. எங்க வீட்டுக்காரருக்கும் கேட்டுச்சு.

"கடைசி வீட்டுல யாரோ தட்டறாங்களே?"

"பைப்ல காத்து."

"போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"நீங்க ஒரு வேலையும் பாக்காம இருந்தாலே எனக்குப் பாதி வேலை மிச்சம்."

அவர் பேப்பரை எடுத்து விரிச்சுக்கிட்டார். அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க தம்பி, அவருக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சுக்க விரும்பாதது தப்புன்னா எங்க தெரு முழுக்க இங்க வந்து உக்காரணும், உங்ககிட்ட அத்தனை பெஞ்சு இல்ல.

புதன்கிழமை சத்தம் நின்னுச்சு. அன்னைக்கு நான் நல்லா தூங்கினேன்.

நடுவர்கள் கடைசி நாள்தான் வந்தாங்க. மூணு பேர். ஒவ்வொரு கேட்டா நின்னு, மூடியைத் திறந்து, குறிச்சுக்கிட்டு வந்தாங்க. தெரு முழுக்கப் பச்சை. காத்துல எல்லா ரிப்பனும் ஒரே பக்கமா ஆடுச்சு. என் மேசையில கறையே இல்லாத ஒரு பெட்டி மாதிரி இருந்துச்சு. கடைசி வீட்டுக்கு வந்தாங்க. நடுவரம்மா மூடியைத் திறந்தாங்க, குனிஞ்சு பாத்தாங்க, கையை விட்டுத் துழாவிப் பாத்தாங்க.

"இதுல ஒண்ணுமே இல்லையே. இந்த வாரம் பூராவுமா?"

"ஆமாங்க. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்ல."

"ஆள் இருக்கற வீடுதானே?"

"இருக்காருங்க."

"பிரிச்சுப் போடற வீடு பாத்திருக்கோம். குப்பையே போடாத வீட்டை இப்பதான் பாக்கறோம். அவரைக் கூப்பிடுங்களேன், மத்த தெருவுக்கு அவரே வந்து எடுத்துச் சொல்லட்டும்."

எல்லாரும் கை தட்டினாங்க. ஆடிட்டர் வீட்டம்மா என் தோளைத் தட்டி, "சாவி அக்காகிட்டதான் இருக்கு"ன்னா. உடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. நான் சாவியை எடுத்துக் குடுத்தேன். தப்பு பண்ணினவ சாவியைக் குடுப்பாளா? நீங்களே சொல்லுங்க.

கதவுக்குப் பக்கத்துல, தரையோட தரையா இருந்தார். நடுவரம்மா வாந்தி எடுத்தாங்க, வாசல்லயே.

டாக்டர் எழுதினதை நீங்க வாசிச்சுக் காட்டினீங்க. கால் புண்ணுலேர்ந்து விஷம் ஏறியிருக்கு, வயித்துல ஒண்ணும் இல்ல. சாவார்னு தெரியுமான்னு அப்பலேர்ந்து சுத்திச் சுத்திக் கேக்கறீங்க. தெரியும் தம்பி. ஒரு வாரம் தாங்காதுன்னு அவரே சொன்னாரே, அவர் பொய் சொல்ற ஆள் இல்ல. தெரிஞ்சுதான் பூட்டினேன். சாவி என் இடுப்புல இருந்துச்சு, தட்டற சத்தம் காதுல விழுந்துச்சு, நான் பக்கத்து வீட்டுத் தொட்டி மூடியைத் திறந்து பாத்துட்டு இருந்தேன். எழுதிட்டீங்களா?

பரிசு வேற தெருவுக்குப் போயிடுச்சாம். ஞாயித்துக்கிழமை யாரும் துடைப்பம் எடுக்கலையாம். மனையில வேலியைப் பிரிச்சுப் போட்டுட்டு மறுபடி கொட்ட ஆரம்பிச்சுட்டாங்கன்னு வீட்டுக்காரர் சொன்னார். நாத்தம் எங்க வாசல் வரைக்கும் வருதாம். அதைக் கேட்டுட்டுத்தான் இங்க வந்து மொத தடவையா அழுதேன். நீங்க வேற என்னமோன்னு நினைச்சுட்டுத் தண்ணி குடுத்தீங்க.

ஒரே ஒரு உதவி கேக்கறேன். அண்ணனோட பொண்ணு நாளைக்கு வருதாம். அந்த வீட்டைக் காலி பண்ணும்போது அழுதுக்கிட்டே எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டித் தெருவுல வெச்சுடும். துணி, மருந்து, பழைய செருப்பு, வாக்கர் எல்லாம் தனித்தனியா போகணும். ஒரு நாள், கூட ஒரு போலீஸ் போட்டு என்னை அங்க அனுப்புங்க. பக்கத்துல இருந்து எடுத்து வெச்சுக் குடுத்துட்டு வந்துடறேன். பாவம், தனியா வர்ற பொண்ணு, அதுக்கு அங்க என்னை விட்டா வேற யாரு இருக்கா.